ஆயில் கூலருக்கு அட்சதை

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவி. காரைப் பற்றிப் படிப்பது நான். கல்யாணமான புதிதில் கடக்வாஸ்லா அணைக்குப் போகும் சாலையில் ஒரே ஒரு தடவை நான் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். சைக்கிள்காரர் யாரும் எங்களை முந்தவில்லை, அந்த அளவுக்கு மானம் தப்பியது. திரும்பும்போது சாவி அவள் கைக்குப் போனது. அதோடு சரி.

நான் கோயம்புத்தூர்க்காரன், மென்பொருள் வேலைக்காகப் புனேவுக்கு வந்தவன். அவள் இங்கேயே பிறந்தவள். அவளுடைய அப்பா தேஹு ரோட்டில் ராணுவ டெப்போவில் வேலை பார்த்தவர், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அவள் பேசும் தமிழில் பாதி வாக்கியத்துக்கு மேல் இந்தி ஏறி உட்கார்ந்துகொள்ளும். புனேவை ஒட்டிய நிக்டியில் ஒரு சின்ன வரிசை வீட்டில் நாங்களும் என் மாமியாரும் இருக்கிறோம். வாசலில் அந்தக் கார் நிற்கிறது. இரண்டே இருக்கைகள், நீண்ட மூக்கு, தரையைத் தொட்டுவிடுமோ என்று பயப்பட வைக்கும் உயரம். வேறொருவர் ஓட்டிச் சலித்த பிறகு எங்களிடம் வந்தது. உள்ளே இறங்கி உட்கார்ந்தால் என் முழங்கால் தாடைக்கு நேராக வரும். அவளுக்கோ தைத்து எடுத்த சட்டை மாதிரி பொருந்தும்.

போன வருஷம் ஊருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில், யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுவந்து நேரத்தோடு போட்டி போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டார்கள். அவள் போனாள். மூன்றாவது சுற்றில் எஞ்சின் எண்ணெயின் வெப்பம் நூற்று நாற்பது டிகிரியைத் தாண்டியது. அவ்வளவு சூட்டில் எண்ணெய் தண்ணீராகிவிடும், தேய்கிற இடங்களைக் காப்பாற்றாது. அவள் உடனே தடத்தை விட்டு உள்ளே திரும்பினாள். ஆனாலும் எஞ்சினுக்கு அடியிலிருந்து டொக் டொக் என்று தட்டும் சத்தம் வந்துவிட்டது. பேரிங் போய்விட்டது. எட்டு மாதம் எஞ்சின் இல்லாமல் கார் வாசலில் நின்றது. எஞ்சினைச் சரிசெய்து கொடுத்தவர் முடிவாக ஒன்று சொன்னார். உள்ளே சுற்றுகிற தண்டை இதற்குமேல் கடைய இடமில்லை, இன்னொரு தடவை இப்படிச் சூடானால் எஞ்சின் முடிந்தது, அந்த மாதிரி எஞ்சின் இந்த நாட்டில் தேடினாலும் கிடைக்காது.

இந்த வருஷம் தசராவுக்கு அடுத்த ஞாயிறு தடத்தை மறுபடி திறக்கிறார்கள் என்று தெரிந்தது. அவள் என்னிடம் கேட்கவேயில்லை, பெயர் கொடுத்துவிட்டாள். அதற்குள் எண்ணெயைக் குளிர வைக்கிற ஆயில் கூலர் ஒன்றைக் காரில் பொருத்த வேண்டியது என் பொறுப்பாயிற்று.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்க எளிமையான சாமான்தான். ரேடியேட்டரின் தம்பி மாதிரி, அலுமினியத் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்துச் செய்தது. சூடான எண்ணெய் ஒரு வாய் வழியாக உள்ளே போய், காற்றில் ஆறி, இன்னொரு வாய் வழியாகத் திரும்பும். ஆனால் எத்தனை வரிசைத் தட்டுகள்? பதிமூன்றா, பத்தொன்பதா, இருபத்தைந்தா? குழாய் எவ்வளவு தடிமன்? காரின் மூக்கில் வைப்பதா, பக்கவாட்டிலா? அலுவலகக் கூட்டங்களில் என் கேமராவை அணைத்துவிட்டு இதையே படித்தேன். பல் தேய்க்கும்போதும் வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இருபத்தஞ்சு போடு. பெருசா இருந்தா நல்லா ஆறும், சிம்பிள்" என்றாள் அவள்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும். எண்ணெய் ரொம்ப ஆறிப் போனாலும் தப்புதான். கெட்டியாயிரும், ஓடாது. பதிமூணு போதும்."

"போன வருஷம் வீங்குன விரல் என்னோடது. பதிமூணுலாம் சல்தா நஹி, பத்தாது."

நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் தீர்ப்புச் சொன்னது ஒரு மாம்பழப் பெட்டி. கோடையில் ரத்னகிரியிலிருந்து வந்த அட்டைப் பெட்டியை அளவெடுத்து வெட்டி, மூன்று அளவுகளிலும் பொய்க் கூலர்கள் செய்தேன். முன் பம்பரைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பார்த்தோம். இருபத்தைந்து, ஹார்ன்மேல் இடித்தது. பதிமூன்றை வைத்தால் காற்று வரும் வழியில் பாதி சும்மா கிடந்தது. பத்தொன்பது போய் உட்கார்ந்தது பாருங்கள், அந்த இடமே அதற்காகக் காலியாக இருந்த மாதிரி! இருவரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்று கத்தினோம். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, யாருக்காவது அடிபட்டதா என்று மராத்தியில் கேட்டார்.

எண்ணெய் ஆறிப்போகும் என்ற என் பயத்துக்கும் வழி இருந்தது. எஞ்சினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவில் சாண்ட்விச் பிளேட் என்று ஒரு வட்டத் தகடு வரும். எண்ணெயைக் கூலருக்கு அனுப்பித் திரும்ப வாங்குவது அதுதான். அதற்குள் தெர்மோஸ்டாட் வைத்ததை வாங்கினால், எண்ணெய் போதுமான அளவு சூடான பிறகுதான் கூலருக்குப் பாதை முழுதாகத் திறக்கும். வெளிநாட்டில் இதே கார் வைத்திருப்பவர்கள் இணையத்தில் எழுதியதை நம்பி, இருபது மில்லிமீட்டர் திருகு மரை உள்ள தகடு ஒன்றை வரவழைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தபோது, கைக்குழந்தையை வாங்கியவன் மாதிரி யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை.

குழாய்களுக்காகத் தொழிற்பேட்டைப் பகுதியான போசரிக்குப் போனோம். அங்கே பெரும்பாலும் மண் தோண்டும் இயந்திரங்களுக்கு ஹோஸ் பைப் செய்துகொடுக்கும் ஒரு கடை. தரையிலிருந்து கூரை வரை சுருள் சுருளாகக் கறுப்புக் குழாய்கள், டப்பா டப்பாவாக இணைப்பு நட்டுகள். உள்ளே நுழைந்ததும் எனக்குத் திருவிழாவில் தொலைந்த பிள்ளையின் நிலைமை. ஆனால் அழுகை வரவில்லை, சிரிப்பாக வந்தது. கடைக்காரரிடம் நான் அச்சடித்துக் கொண்டுபோன நான்கு பக்கத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"சாம்பிள் லாயா க்யா?" என்றார்.

அந்த ஊர்க் கடைகளின் சட்டம் அது. வாயால் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், எழுதிக் கொடுத்தாலும் நம்ப மாட்டார்கள். பழைய சாமானைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்க வேண்டும். நான் விழித்தேன். மனைவி தோள்பையிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழைய ஆயில் ஃபில்டரை எடுத்து வைத்தாள். அவள் இந்த ஊர்க்காரி.

கடைக்காரர் சீப்பு மாதிரி பல் வைத்த இரும்பு இலைகளின் கொத்து ஒன்றை எடுத்தார். ஒரு இலையை ஃபில்டரின் மரையில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். முதல் இரண்டு பல் பொருந்தியது, அப்புறம் இடைவெளி தெரிந்தது. இன்னொரு இலையை வைத்தார், கச்சிதமாகப் பொருந்தியது. அது முக்கால் அங்குல மரை. நான் வாங்கிய தகடு இருபது மில்லிமீட்டர். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அரிசி கனம்கூட வித்தியாசமில்லை. அதனால்தான் ஆபத்து. மாட்டினால் ஏறிவிடும், இறுக்கினால் இறுகின மாதிரிகூட இருக்கும், ஓடும்போது அழுத்தம் வந்தால் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். எண்ணெய் முழுவதும் ரோட்டில் போகும்.

"படிச்சேன் படிச்சேன்னு சொன்னியே, எந்தக் கார படிச்ச?" என்றாள் மனைவி.

தகட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, சரியான மரை உள்ளதை வரவழைத்தேன். வெட்கம் ஒரு மணி நேரம் இருந்தது, அதற்குப் பிறகு மறுபடி உற்சாகம் வந்துவிட்டது. துணி காயப்போடும் கயிற்றைக் காருக்குள் வளைத்து வளைத்துக் குழாயின் நீளத்தை அளந்தேன். எஞ்சின் குலுங்கும்போது இழுபடாமல் இருக்க நான்கு விரல் கூடுதலாக விட்டேன். எந்த முனைக்கு நேர் இணைப்பு, எந்த முனைக்கு வளைந்த இணைப்பு என்பதில் மட்டும் மூன்று மாலைகள் போயின. சிவப்பும் நீலமுமாக மினுமினுத்த இணைப்புகளைக் காட்டினேன். "கல்யாண மண்டப சீரியல் லைட்டா இது? கறுப்பு வாங்கு" என்று அவள் சொல்லிவிட்டாள். கறுப்பு வாங்கினேன். அதுதான் அழகாகவும் இருந்தது.

ஆயுத பூஜை அன்று காலை கடைசிப் பார்சலாகக் கூலர் வந்தது. உடனே மாட்டிவிடலாம் என்று நான் ஸ்பேனரைத் தேடினால், ஒன்றுகூட இடத்தில் இல்லை. எல்லாம் பூஜையில் இருந்தன. மாமியார் அவற்றைக் கழுவித் துடைத்து, பலகையில் வரிசையாக வைத்துச் சந்தனம் இட்டிருந்தார்.

"இன்னிக்கி ஆயுதத்த தொடக் கூடாது மாப்ள. நாளைக்கி விஜயதசமி, காலைல எடுத்துக்கினு எத்தினி வேல வேணா செய்ங்க. அந்தப் புதுசையும் கொண்டாந்து வைங்க."

நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தண்டனை. ஆனால் பூஜையில் வைக்கிற யோசனை பிடித்திருந்தது. கூலரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தூசி போகாமல் இருக்க அதன் இரண்டு வாய்களிலும் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தார்கள். உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் இரண்டையும் கழற்றினேன். பார்த்துவிட்டு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. மூடியில்லாமல்தான் அது கம்பீரமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இரண்டு வாயும் மேலே பார்க்கும்படி சுவரோடு சாய்த்து நிறுத்தினேன். தகடு, குழாய்கள் எல்லாம் சுற்றிலும். மாமியார் சாமந்திப்பூ வைத்தார், கற்பூரம் காட்டினார். ஆளுக்கொரு பிடி மஞ்சள் அரிசி கொடுத்தார். எஞ்சினைக் காப்பாற்று என்று மனமுருகி வேண்டி, நானே முதல் ஆளாக அட்சதையைத் தூவினேன்.

விஜயதசமி காலையில் கூலரைத் தூக்கினேன். உள்ளே சலசல என்று சத்தம் கேட்டது.

மெதுவாகச் சாய்த்தேன், மறுபடி சலசலத்தது. மனைவி ஓடிவந்தாள். அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை, தரையெல்லாம் மஞ்சள் அரிசி கிடந்தது.

"யாரு மூடிய கழட்டுனது?"

"நான்தான்."

மாமியார் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அது வாயப் பொளந்துக்கினு இருந்திச்சி. நல்ல நாள் அதுவுமா வெறும் வாயா இருக்கக் கூடாதேன்னு நாந்தான் ஒரு பிடிய உள்ளயே போட்டேன். இன்னா ஆச்சி இப்ப? வெந்நி ஊத்தி ஊற வச்சா கொழகொழன்னு வந்துடாது?"

"அம்மா, பொங்கலா வைக்கிறோம்?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் நான் என்று எனக்கே உறைத்தது.

சும்மா உட்கார முடியவில்லை. டீசலை வாங்கிவந்து கூலருக்குள் ஊற்றி, குலுக்கி, டீ வடிகட்டி வழியாக வாளியில் கவிழ்த்தேன். வடிகட்டியை எடுத்துக் கொடுத்தது மாமியார்தான். முதலில் ஒரு கைப்பிடி வந்தது. அடுத்து ஏழெட்டு அரிசி, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. டயருக்குக் காற்றடிக்கும் பம்பை வைத்து இரண்டு வாய் வழியாகவும் மாற்றி மாற்றி ஊதினேன். மதியத்துக்குள் ஒன்றும் வராமல் நின்றது, குலுக்கினாலும் சத்தமில்லை. ஆனால் உள்ளே பத்தொன்பது வரிசை. ஏதாவது மூலையில் ஒரு அரிசி ஒட்டிக்கொண்டிருந்து, சூட்டில் கழன்று எஞ்சினுக்குப் போனால்?

படியிலிருந்து அவள் கேட்டாள். "ஒண்ணு சொல்லு. எண்ணெய் ஃபில்டருக்குப் போயிட்டு கூலருக்குப் போகுமா, இல்ல கூலருக்குப் போயிட்டு ஃபில்டருக்கு வருமா?"

நான் ஓடிப்போய்ச் சாண்ட்விச் பிளேட்டை எடுத்தேன். எஞ்சின் பக்கத்தில் எண்ணெய் நுழையும் துளையை விரலால் தொட்டேன். அது கூலருக்குப் போகும் வாயில் முடிந்தது. திரும்பி வரும் வாயில் ஊதினேன், காற்று ஃபில்டர் உட்காரும் பக்கத்தில் வெளியே வந்தது. இதை நான் ஒரு மாதம் முன்பே படித்திருக்கிறேன்! பயத்தில் மறந்து தொலைத்திருந்தேன்.

"முதல்ல கூலர்! அப்புறம் ஃபில்டர்! அப்புறம்தான் எஞ்சின்!" என்று கத்தினேன். "எது வந்தாலும் ஃபில்டர்ல மாட்டிக்கும்!"

"அப்போ மாட்டு. ஓட்டிப் பாத்துட்டு ஃபில்டர வெட்டிப் பாப்போம். சலோ."

அவ்வளவுதான், வீடே பரபரத்தது. சாயங்காலத்துக்குள் தகடு, குழாய், கூலர் எல்லாம் ஏறி உட்கார்ந்தன. கயிற்றில் அளந்த நீளம் அப்படியே பொருந்தியபோது என்னை நானே முதுகில் தட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மறுநாள் காலை அவள் நிக்டியின் நேர் ரோடுகளில் காரை மெல்ல ஓட்டினாள். நான் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணியில் இறங்கிக் கூலரைத் தொட்டேன். சுட்டது! தெர்மோஸ்டாட் திறந்து, எண்ணெய் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஃபில்டரைக் கழற்றி, தகரம் வெட்டும் கத்தரியால் பிளந்து, உள்ளே இருந்த காகித மடிப்புகளைச் செய்தித்தாளில் விரித்தோம். ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தால், பழுப்பேறிய பாதி அரிசி ஒன்று!

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குப் பயமும் குதூகலமும் சேர்ந்து வந்தன. தப்பு நடந்திருந்தது, ஃபில்டர் அதைப் பிடித்தும் இருந்தது. புது ஃபில்டர் போட்டு, இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து அதையும் வெட்டினோம். மடிப்புகள் சுத்தமாக இருந்தன. மூன்றாவது ஃபில்டரை மாட்டிவிட்டு நான் எழுந்தபோது அவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றாள்.

"இப்ப நீ சொல்லு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, படிச்சது நீ. நீ சரின்னா நாளைக்கு நான் போறேன். வேணாம்னா இந்த வருஷம் வேணாம். நான் சண்ட போட மாட்டேன்."

சண்டை போடுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மரையில் தப்பு செய்தவன் நான், மூடியைக் கழற்றியவன் நான். கூலரின் பத்தொன்பது வரிசைக்குள்ளும் எட்டிப் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி ஒருமுறை கையால் தடவிப் பார்த்தேன், கசிவு இல்லை.

"போ" என்றேன். "மீட்டர் முள்ளு மட்டும் நூத்தி முப்பதத் தொட்டா உடனே உள்ள வந்துரு. யோசிக்காத."

ஞாயிற்றுக்கிழமை வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. தடத்தின் வேலிக்கு இந்தப் பக்கம் நானும் மாமியாரும் நின்றோம். முதல் சுற்றில் அவள் எங்களைக் கடந்தபோது மாமியார் கையசைத்தார், நான் சத்தத்தை மட்டும் கேட்டேன். தட்டும் சத்தம் இல்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. மூன்றாவது சுற்று முடிகிற வளைவில், போன வருஷம் அவள் உள்ளே திரும்பிய அதே இடத்தில், கார் உள்ளே வரவில்லை. அடுத்த சுற்றுக்குப் போனது! நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு "நாலு! நாலு மாப்ள!" என்று குதித்தார். ஐந்து. ஆறு. ஒவ்வொரு சுற்றும் முன்னதைவிட வேகமாக இருந்தது. ஏழாவது முடிந்து, கொடி காட்டப்பட்ட பிறகுதான் உள்ளே வந்தாள்.

நான் ஓடிப்போய் ஜன்னலில் குனிந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினாள், முகமெல்லாம் வேர்வை, அப்படி ஒரு சிரிப்பு.

"முள்ளு எவ்வளவு வரைக்கும் போச்சு?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். பிறகு மீட்டரைப் பார்த்தாள், அன்று முதல் தடவையாகப் பார்ப்பவள் போல.

"பாக்கவே இல்லையே."

"ஏழு ரவுண்டும்?"

"போன வருஷம் மூணு ரவுண்டும் முள்ளத்தான் பாத்துட்டு இருந்தேன், ரோட்டையே பாக்கல. இந்த தடவ நீதான் சரின்னு சொல்லிட்டல்ல? அப்புறம் எதுக்குப் பாக்கணும்?"

எட்டிப் பார்த்தேன். முள் நூற்றுப் பத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் நின்றது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் குனிந்து, "அரே, க்யா ஹுவா? எஞ்சினுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று பதறிக் கேட்டாள்.